நான் நிறுத்திய வாட்ச்

மே மாத வெயிலில் தருமபுரியில் நடந்த பத்து கிலோமீட்டர் ஓட்டம் அது. எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த எங்கள் கிளப் நண்பர் செல்வம், தார் ரோட்டில் சுருண்டு விழுந்தார். பதறிப்போய் ஓடினேன். ஆனால் என் விரல் முதலில் தொட்டது என் வாட்ச்சைத்தான். டைமிங் கெட்டுவிடக் கூடாதென்று பட்டனை அழுத்தி நிறுத்தினேன்.

ரோட்டோரம் மாம்பழம் விற்ற அக்கா, குடத்துத் தண்ணீரை அவர் தலையில் ஊற்றியபடி கத்தினார். “ஆளு பேச்சுமூச்சில்லாம கெடக்கறாரு, நீங்க மணி பாக்கறீங்களா?”

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். “எவ்ளோ நேரம் நெனவில்லாம இருந்தாருங்க?”

பழக்கத்தில் வாட்ச்சைப் பார்த்தேன். அவர் விழுந்த நொடியிலேயே அது நின்றிருந்தது.

செல்வம் பிழைத்துக்கொண்டார். “நீங்க இருந்ததாலதான் தப்பிச்சேன்” என்று எல்லோரிடமும் சொல்கிறார். இன்றுவரை நான் மறுத்துச் சொன்னதில்லை.