அத்தை பொட்டு வைத்த மெமரி

பச்சை நிறத்தில் விரல் நீளத் தகடு. ஓரத்தில் வரிசையாகத் தங்கப் பற்கள். லேப்டாப்புக்குள் போடுகிற மெமரி. அமெரிக்காவிலிருந்த என் அண்ணன், ஊருக்கு வந்த சிநேகிதர் கையில் கொடுத்தனுப்பியிருந்தான். அந்தப் பழைய லேப்டாப்பும் அவன் தந்ததுதான். தொண்ணூறுகளின் கடைசி. பாளையங்கோட்டையில் அதைத் திறக்கத் துணிந்த கடைக்காரர் எவரும் இல்லை. நானே போட்டுக்கொள்வதென்று முடிவுசெய்தேன். வேறு வழி? டைப்பிங் சென்டரில் வேலை பார்த்த என்னை முடியைப் பிடித்து நடுரோட்டில் இழுத்து வந்தவர் என் வீட்டுக்காரர். அதன்பிறகு கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடுகளை வீட்டிலிருந்தே அடித்துக் கொடுத்தேன். நாலு பக்கம் தாண்டினால் மெமரி பத்தாது, மிஷின் அசையாமல் நின்றுவிடும். என்றைக்காவது அந்த வீட்டை விட்டுப் போய்விடுவேன் என்ற நினைப்பே அந்த மிஷினை நம்பித்தான் இருந்தது.

அத்தை, அதாவது என் மாமியார், நான் அடி வாங்கும்போது அடுப்படியை விட்டு வெளியே வந்ததில்லை. எல்லாம் முடிந்தபிறகு தேங்காய் எண்ணெயோடு வருவாள். “ஆம்பளைன்னா கை நீளத்தான் செய்யும். பைய இரு, ஓஞ்சிருவான்” என்பாள். மாமனார் அடித்து அவளுக்கு முன்பற்களே இல்லை. அவர் போய்ச் சேர்ந்தபிறகும் அதே வேதம்! அந்த எண்ணெய்க் கிண்ணத்தை அவள் மூஞ்சியிலேயே வீசலாமா என்று எனக்கு ஆத்திரம் வரும்.

வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும், மிக்ஸியோ சைக்கிளோ, அத்தைக்குப் பொட்டு வைத்தாக வேண்டும். நான் குளிக்கப் போன நேரத்தில் மெமரியை உறையிலிருந்து எடுத்து, சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டு, முந்தானையால் துடைத்துத் திரும்ப வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. தரையில் உட்கார்ந்து, ஜன்னல் கம்பியைத் தொட்டு தகட்டைக் கெடுத்துவிடக்கூடிய உடம்பு நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டு, அடிமூடியின் திருகுகளைக் கழற்றினேன். தகட்டைச் சாய்வாகச் செருகி அமுக்கியதும் இருபக்கக் கொக்கிகளும் டக்கென்று பிடித்தன. பட்டனை அழுத்தினால் திரை இருட்டு. கீச் கீச்சென்று ஒரே கத்தல்.

சத்தம் கேட்டு அவர் வந்தார். “கெடுத்துட்டியாட்டீ? தொலைஞ்சுது சனியன்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. “போங்க அங்கிட்டு” என்றேன். அவ்வளவுதான். தரையில் ஊன்றியிருந்த என் வலதுகையைக் குதிகாலால் மிதித்துத் திருகினார். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பிறகு லேப்டாப்பைத் தலைக்குமேல் தூக்கினார்.

அடுப்படியிலிருந்து அத்தை வந்தாள். தோசைக்கரண்டியால், கல்லில் கிடந்த சூட்டோடு, அவர் முழங்கையில் போட்டாள் ஒரு போடு. தோல் பொசுங்கிய வாடை. லேப்டாப் என் மடியில் விழுந்தது. “அதுல சந்தனம் வச்சது நான்லே! கெட்டுதுன்னா என்னாலதான் கெட்டுது. கை அரிச்சா என்னைய அடி. உங்கப்பன்கிட்ட வாங்கின உடம்புதானலே இது!”

பெற்ற தாயை அடிக்கமாட்டார் என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள். அடித்தான். இனி அவனுக்கு என்ன மரியாதை! அறைந்த அறையில் அவள் சுவரில் மோதி விழுந்தாள். நெற்றி உடைந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. மிதிக்கக் காலைத் தூக்கியவன், வாசலில் அக்கம்பக்கம் கூடியதைப் பார்த்து நின்றான். அத்தை அழவில்லை. “இன்னும் என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்கே? பொட்டியைத் தூக்குட்டீ. நானும் வாரேன்.”

சேரன்மகாதேவியில் என் அம்மா வீட்டுக்குப் போனோம். பஸ்ஸில் லேப்டாப் அத்தை மடியில் இருந்தது. “சந்தனத்தாலதான் கெட்டிருக்குமோ?” என்று வழியெல்லாம் அரற்றினாள். மறுநாள் கைக்கட்டோடு, இடதுகையாலேயே மெமரியைக் கழற்றி, பென்சில் ரப்பரால் பற்களைத் தேய்த்தேன். சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. திரும்பப் போட்டேன். திரை விழித்தது. அத்தை தெருவே கேட்கும்படி குலவை போட்டாள். அந்த மிஷினில் அடித்துத்தான் பிறகு நாங்கள் இருவரும் சோறு தின்றோம்.

இப்போது வருகிற லேப்டாப்புகள் பலவற்றில் மெமரியை உள்ளிருக்கும் சர்க்யூட் பலகையோடு சேர்த்தே ஒட்டிவிடுகிறார்கள். நாமாகப் போட ஒன்றுமில்லை. அத்தை போயும் பல வருஷமாகிறது. சாகும்முன் ஒன்றுதான் கேட்டாள்: “என்னைய அடிச்ச கை எனக்குக் கொள்ளி வைக்கக் கூடாது. நீ வை.” ஆற்றங்கரைச் சுடுகாட்டில் சொந்தபந்தம் அத்தனையும் என்மேல் பாய்ந்தது. பொம்பளை வரலாமா, அதுவும் மருமகள்! அவனும் வந்திருந்தான். “கொள்ளியக் கொண்டாட்டீ” என்று என் தோளைப் பிடித்துத் தள்ளினான். நான் விழவில்லை. எரிகிற கொள்ளியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். பின்வாங்கினான். அத்தைக்கு நான்தான் வைத்தேன்.