நேராகப் போகாத இடது கை

மனு கிடைத்த மூன்று நாட்களுக்குள் ஒப்புகை அனுப்ப வேண்டும். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வருவாய்த் துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் இருந்து இந்த விதியை எல்லோருக்கும் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். சில சமயம் கடைப்பிடித்தும் இருக்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு அனுப்பிய வீடியோவுக்கு அது செல்லாது என்று தெரியும். ஆனாலும் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒப்புகை அன்றே வந்துவிட்டது, இரண்டு நீலக் குறிகளாக. பதில்தான் வரவில்லை.

வீடியோவில் நான் உத்திரமேரூர் ஏரியில் நீந்துகிறேன். கரையில் ஒரு கல்லில் போனைச் சாய்த்து வைத்து எடுத்தது. மனைவி போன பிறகு வீட்டில் பேசுவது தொலைக்காட்சி மட்டும்தான். தோள்வலிக்கு நீந்தச் சொன்னார் டாக்டர். ஐம்பது வருடம் கழித்துத் தண்ணீரில் இறங்கினேன். ஃப்ரீஸ்டைலைப் பற்றிப் படித்து, அலுவலகக் குறிப்பு போல எழுதி வைத்துக்கொண்டேன். விரல்நுனி தோளுக்கு நேராக நுழைய வேண்டும். முழங்கை உயர்ந்து நிற்க வேண்டும். கை தொடை வரை தண்ணீரைத் தள்ள வேண்டும். கரையை வலப்பக்கம் வைத்து, தூரத்துப் பனைமரத்தைப் பார்த்துப் புறப்படுவேன். முப்பது வீச்சுக்குள் கரையிலேயே வந்து முட்டுவேன்.

ஏரிக்குக் கீழே நிலம் வைத்திருக்கும் விவசாயி ஒருவர், என் வயதுக்காரர், இதைத் தினமும் பார்ப்பார்.

“இன்னா சார், செக்குமாடு மாதிரி சுத்திக்கினு கீறீங்க? நேரா போவ வராதா?”

வராது. நான் நீச்சல் பழகியது திருப்புலிவனத்தில் ஒரு வட்டக் கிணற்றில். கோயிலைச் சுற்றுவது போல அங்கேயும் வலமாகத்தான் சுற்ற வேண்டும். இடமாகச் சுற்றினால் மேலே நிற்பவர்கள் வைவார்கள். அதனால் கல்சுவர் எப்போதும் இடப்பக்கம். உரசாமல் இருக்க இடது கையை மூக்குக்கு முன்னால் குறுக்கே போட்டு இழுத்துப் பழகிவிட்டோம். இவ்வளவு பெரிய ஏரியிலும் அந்தக் கை இன்னும் சுவருக்குப் பயப்படுகிறது.

காரணம் தெரிந்த பிறகும் மகளிடம்தான் கேட்டேன். தெரிந்த விஷயத்துக்கே கருத்துக் கேட்டு எழுதுவது எங்கள் அலுவலக வழக்கம். அவள் பள்ளி நாட்களில் போட்டிகளில் நீந்தியவள். அம்மாவின் காரியத்துக்கு வந்து போனதிலிருந்து என்னோடு பேச்சு குறைந்துவிட்டது. இடது கையைச் சாக்காக வைத்தாவது அவள் நாலு வார்த்தை எழுத மாட்டாளா என்றிருந்தது.

முப்பது நாள் கடந்தது. நினைவூட்டு எழுதினேன், அழித்தேன். இன்னொரு வீடியோ அனுப்பலாம் என்று விவசாயியிடம் போனைக் கொடுத்தேன். அன்று இடது கையைத் தோளுக்கு நேராகவே நீட்டினேன். பனைமரம் வரை போய்விட்டேன். மூச்சு வாங்க வந்து, பார்த்தீர்களா என்று கேட்டேன்.

“பாத்தேன் சார். சூப்பரு,” என்றார், நாற்று நடுபவர்களைப் பார்த்துக்கொண்டே.

போனில் முதல் ஏழெட்டு வீச்சுதான் நான். மிச்சமெல்லாம் வயல், கொக்கு, யாரோ ஒருத்தியிடம் இவர் வரப்பு பற்றிப் பேசும் சத்தம்.

அவர் மேல் கோபம் வரவில்லை. அந்தப் பதிலை எனக்கு நன்றாகத் தெரியும். மகள் நீச்சல் குளத்தில் பழகும்போது நான் படிக்கட்டில் கோப்போடு உட்கார்ந்திருப்பேன். சுவரைத் தொட்டதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “பாத்தீங்களாப்பா?” என்பாள். பார்த்தேன் என்பேன். பேனா நின்றிருக்காது. அவள் அம்மாதான் வாரம் தவறாமல் பார்த்தவள்.

ஈரத் துண்டோடு கரையிலேயே உட்கார்ந்து எழுதினேன். ‘நீ நீந்தியதை நான் ஒரு நாளும் முழுதாகப் பார்த்ததில்லை. பார்த்தேன் என்று சொன்னதெல்லாம் பொய்.’ அலுவலகக் கடிதம் போலப் பார்வை, இணைப்பு எதுவும் சேர்க்கவில்லை.

நீலக் குறி விழுந்தது. மறுநாளும் ஏரிக்குப் போனேன், அதற்கு மறுநாளும். கை சில நாள் நேராகப் போயிற்று, சில நாள் கிணற்றுக்குத் திரும்பியது. சொல்ல ஆளில்லை.

பிறகு ஒரு காலை, விவசாயி தன் மாடுகளை ஏரியில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, கல் மேல் வைத்திருந்த போன் ஒளிர்ந்தது.

“வீடியோவ முழுசா பாத்தேன்பா, நாலு தடவ. இடது கை குறுக்க வருது. தோளுக்கு நேரா விடுங்க. சரி பண்ணிட்டு மறுபடி அனுப்புங்க.”

அன்று தை இரண்டு, மாட்டுப் பொங்கல், அரசு விடுமுறை நாள்.