கொட்டிவாக்கத்துக் கிணறும் பன்னிரண்டு புளியங்கொட்டையும்

மயிலாப்பூர் குளக்கரையிலிருந்து சிதம்பரத்துக்கு மார்கழியில் நடந்தே போகும் கூட்டம் ஒன்றில் நானும் இருந்தேன். ஆருத்ரா தரிசனத்துக்குப் போய்ச் சேர ஒன்பது நாள் ஆகும். தொண்ணூறுகளின் நடுவில் கடற்கரைச் சாலையில் வண்டிகள் பெருகிவிட்டதால், சாலையிலிருந்து பிரியும் கிளைவழிகளுக்கு ஒரு கையேடு போடுவதென்று முடிவானது. எங்கே இறங்கினால் நிழல், எங்கே குடிதண்ணீர், எத்தனை அடி தூரம், எல்லாம் அதில் இருக்கும். முடிவு செய்தவர் எங்கள் கூட்டத்துத் தலைவர், தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலி அண்ணாச்சி.

அவர் போட்ட விதி ஒன்றே ஒன்று: நடந்து பார்க்காத வழி புத்தகத்தில் ஏறக்கூடாது. ஆளுக்கு ஐம்பது புளியங்கொட்டை கொடுத்தார். நூறு காலடிக்கு ஒரு கொட்டையை இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்ற வேண்டும். வழி முடிந்ததும் வலது பையை எண்ணினால் தூரம் தெரிந்துவிடும்.

மற்றவர்களுக்கு மரக்காணம், கடலூர் என்று விழுந்தது. எனக்குக் கொட்டிவாக்கம். வீட்டிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம். சாலையோரத் தேநீர்க்கடைக்காரர், சவுக்குத்தோப்புக்குள் போகும் மணல்தடத்தைக் காட்டினார்.

"உள்ளார போய்க்கினே இரு நைனா. கெணறு ஒண்ணு கீது. தண்ணி தேனாட்டம் இருக்கும்."

போனேன். பட்டப்பகல். ஆறாவது கொட்டையை மாற்றியபோது பின்னால் ஒரு சத்தம். டொக். நின்றேன், அதுவும் நின்றது. நடந்தேன், டொக், டொக். திரும்பிப் பார்ப்பதுதான் அறிவுள்ளவன் செய்வது. நாற்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், அலுவலகத்தில் எல்லோரையும் கிண்டலடிப்பவன், ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். எந்தப் பையில் எத்தனை கொட்டை இருந்ததோ, எல்லாம் மணலில். தேநீர்க்கடையில் வந்து நின்றபோது, "தண்ணி குட்சியா சார்?" என்றார் கடைக்காரர். "தேன்" என்றேன்.

அன்று சாயங்காலமே அண்ணாச்சியிடம் குறிப்பைக் கொடுக்க வேண்டும். வீட்டுச் சமையலறை டப்பாவிலிருந்து பன்னிரண்டு புளியங்கொட்டைகளை எடுத்து வலது பையில் போட்டுக்கொண்டேன். ஏன் பன்னிரண்டு? பத்து என்றால் ஜோடித்ததுபோல் இருக்கும் என்று பட்டது. 'ஆயிரத்து இருநூறு அடியில் கிணறு. குளிர்ந்த, இனிய நீர்' என்று எழுதினேன்.

"நீரே நடந்து பாத்தீராவே?" என்றார் அண்ணாச்சி.

"ரெண்டு தடவை, அண்ணாச்சி."

ஒரு தடவை என்று சொல்லியிருந்தாலும் போதும். எனக்கு எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்ல வரும்.

கூட்டத்தில் ஒரு பாட்டு டீச்சர் இருந்தார். ராஜா அண்ணாமலைபுரத்தில் தனியாக இருந்தார். என் மகளுக்கும் அவர்தான் பாட்டு. அறுபது வயதிருக்கும். நடக்கும்போதுகூட விரல்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வரும். கொட்டையெல்லாம் அவருக்கு வேண்டாம். எட்டு எட்டாக எண்ணிக்கொண்டே போவார், ஒரு அடி பிசகாது.

அந்த மார்கழியில், முதல் நாளே, கையேட்டைப் பார்த்துத் தண்ணீருக்காக என் கிளைவழியில் இறங்கினார். நாங்கள் சாலையோரம் உட்கார்ந்திருந்தோம். ஒரு மணி நேரம் கழித்து உதடு காய்ந்து திரும்பி வந்தார்.

"ஆயிரத்து இருநூறு எண்ணினேன், கிணத்தைக் காணோம். திரும்பி வந்து முதல்லேருந்து எண்ணினேன். மூணு தடவை."

"கணக்கு எங்கியோ தப்பியிருக்கும் டீச்சரம்மா. இவரு ரெண்டு தடவை போய்ப் பாத்த கெணறுல்லா?" என்றார் அண்ணாச்சி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. நான் சொன்னது இது:

"டீச்சரே தாளத்தை விட்டா, பாவம், கிணறு என்ன பண்ணும்? அதுவும் தடம் மாறிப் போயிருக்கும்."

ஒரே சிரிப்பு. டீச்சரும் சிரித்தார். பிறகு, உடம்பு ஒரு மாதிரி இருக்கிறது என்று பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார். நான் சிதம்பரம் வரை நடந்து, கண்மூடிக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

பொங்கல் முடிந்து ஒரு நாள் மனைவி சொன்னாள்: "இனிமே பாட்டு கிளாஸ் கிடையாதாம். டீச்சர் எல்லாப் பிள்ளைங்களையும் நிறுத்திட்டாங்க. தனக்கே எண்ணிக்கை தப்புது, வயசாகி மூளை மழுங்குது, இனிமே யாருக்குத் தாளம் சொல்லித் தர்றதுன்னு அழுதாங்களாம்."

சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். மறுபடி சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டீச்சர் வீட்டுக்குப் போக மேலும் நான்கு நாள் பிடித்தது.

போகும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து, வேடிக்கைக் கதையாகவே சொன்னேன். டொக் டொக், செருப்பு, டப்பா, பன்னிரண்டு. ஓடியதை நடித்துக்கூடக் காட்டினேன். டீச்சர் சிரிக்கவில்லை.

"அப்போ அந்த ஆயிரத்து இருநூறு?"

"நானா போட்டது."

தொடையில் விரலால் எட்டு வரை தட்டிப் பார்த்தார். "மூணு தடவையும் சரியாத்தான் எண்ணியிருக்கேன்" என்றார், என்னிடம் சொல்வதுபோல் இல்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குக் காலம்பற வாங்கோ. கொட்டை எடுத்துண்டு வாங்கோ" என்றார்.

மறுநாள் அதே தடத்தில் அவர் முன்னால், நான் பின்னால். ஏழாவது கொட்டையில் டொக். இந்த முறை திரும்பினேன். ஊர் மேயாமலிருக்கக் கழுத்தில் கட்டை தொங்கவிட்ட ஒரு கிழட்டுப் பசு. கட்டை முழங்காலில் இடிக்க இடிக்க எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தது. டீச்சர் பசுவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். எண்ணிக்கையை விடாமல் மேலே நடந்தார்.

இருபத்தோராவது கொட்டையில் கிணறு இருந்தது. டீச்சர் எட்டிப் பார்த்து, "ரெண்டாயிரத்துத் தொண்ணூத்தாறு" என்றார். "நீங்க நாலு அடி கூட எண்ணியிருக்கேள்." நான் மறுக்கவில்லை. வாளியில் இறைத்துக் குடித்தார். தண்ணீர் லேசாகக் கரித்தது.

"அதையும் திருத்திடுங்கோ. அண்ணாச்சி கூட்டத்துல நீங்களே சொல்லணும். நடிக்காம சொல்லணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை, குளக்கரையில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொன்னேன். ஆரம்பிக்கும்போதே இரண்டு பேர் சிரிக்கத் தயாரானார்கள். ஓடியதைச் சொன்னேன், பன்னிரண்டைச் சொன்னேன், டீச்சர் எண்ணியது சரி என்று சொன்னேன். முடித்து உட்கார்ந்த பிறகும் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், வேடிக்கை இனிமேல்தான் வரப்போகிறது என்பதுபோல.