பனிமூட்டத்துக்கு ஆறு ஓட்டு

வெர்னெல் டக்கெட்டிடம் ஓட்டுநர் தேர்வில் தோற்காதவர்கள் எங்கள் ஊரில் குறைவு. லூசியானாவின் வடக்கே, ஆற்றங்கரையில் இருக்கும் காட்டில்ஸ் லேண்டிங்கில் உரிமம் கொடுக்கும் அலுவலகம் ஒன்றுதான். அங்கே பக்கத்து இருக்கையில் அட்டையும் பென்சிலுமாக உட்கார்ந்து தேர்வு எடுப்பவரும் முப்பத்தோரு வருஷமாக அவர் ஒருவர்தான். என்னை ஒரு முறை தோற்கடித்தார். எங்கள் சபைப் பாதிரியாரை இரண்டு முறை. டிராக்டர் விற்கும் டப் ஸ்ட்ரிக்லண்டை மூன்று முறை. மூன்றாவது முறை டப் போய் மோதியது வெர்னெலின் சொந்தக் காரில்.

அந்த டப்தான் தர்பூசணிக் கிண்ணப் போட்டிக்குத் தலைவர். டிசம்பர் கடைசி வாரத்தில் தூரத்திலிருந்து இரண்டு கல்லூரிகளின் அமெரிக்கக் கால்பந்து அணிகள் வந்து எங்கள் மைதானத்தில் மோதும். டிசம்பரில் ஊரில் தேடினாலும் ஒரு தர்பூசணி கிடைக்காது என்பதை இதுவரை யாரும் பொருட்படுத்தியதில்லை. ஆட்ட நாயகனுக்குக் கொடுக்கும் பரிசு மட்டும் அசல் தர்பூசணி அளவில், கண்ணாடியில், பத்தொன்பது பவுண்டு கனத்தில் இருக்கும்.

நாயகனைத் தேர்ந்தெடுப்பவர்கள் பத்திரிகைக்காரர்கள். மைதானத்துக்கு மேலே, கண்ணாடி அறையில், பதினான்கு பேர். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆளுக்கொரு சீட்டில் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் அந்தச் சீட்டுகளை வாங்கியவர் டப்பின் மைத்துனர். ஒரு வருஷம் பதினான்கு பேரிடமிருந்து பதினேழு ஓட்டு வந்தது. அதற்கப்புறம் டப்பே போய் வெர்னெலைக் கேட்டார். "அந்தம்மாவை யாராலயும் ஏமாத்த முடியாது. ஏமாத்துற தைரியமும் இந்த ஊர்ல எவனுக்கும் கிடையாது" என்று எங்களிடம் சொன்னார்.

வெர்னெலுக்கு ஆட்டத்தின் மேல் அப்படியொன்றும் பைத்தியம் கிடையாது. ஆனால் விதிப்புத்தகம் என்றால் உயிர். போன முதல் வருஷமே விருதின் விதிகள் இரண்டு பக்கத்தையும் மனப்பாடம் செய்துகொண்டார். சர்க்கரைவள்ளிக்கிழங்கு 'பை' இரண்டு சுட்டு எடுத்துப்போவார். கையெழுத்து புரியாதபடி சீட்டு எழுதியவருக்குத் துண்டு கிடையாது. மூன்றாவது வருஷத்துக்குள் பதினான்கு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல அச்செழுத்தில் எழுதப் பழகிவிட்டார்கள்.

நான் ஹோய்ட் பெல்லமி. ஆணி, கம்பி, பெயின்ட் விற்கும் கடை வைத்திருக்கிறேன். ஆட்டத்தன்று மைதான ஓரத்தில் பத்து கெஜச் சங்கிலியின் ஒரு முனைக் கம்பத்தைப் பிடிப்பவன் நான். மறுமுனையில் என் மச்சான். பந்து எவ்வளவு முன்னேறியது என்று அளக்கும் சங்கிலி அது. ஆகவே கீழே நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். மேலே நடந்ததைப் பலர் பல தடவை சொல்லிக் கேட்டு எனக்குப் பாடமாகிவிட்டது.

அந்த வருஷம் ஓஸார்க் டெக் அணியும் பைன் ரிவர் ஸ்டேட் அணியும் வந்திருந்தன. ஓஸார்க் டெக்கில் பந்தை வீசுகிறவன் கோல்ட்டன் ஃபேர்சைல்டு. ஊரெல்லாம் அவன் முகம் போட்ட சுவரொட்டிதான். முதல் பாதியில் நல்ல வெயில். நாற்பது கெஜத்துக்கு ஒரு பந்தை வீசிக் காட்டினான். டப் அப்போதே பரிசளிப்பு அட்டையில் அவன் பெயரை அச்சடிக்கச் சொல்லிவிட்டார்.

இடைவேளையில் ஆற்றிலிருந்து பனிமூட்டம் ஏறியது. பாண்டு வாத்தியக்காரர்கள் மைதானத்துக்குள் போனதைப் பார்த்தோம். திரும்பி வரும்போது டிராம்போன்காரர்கள் மூன்று பேரைக் காணவில்லை. இரண்டாவது பாதி தொடங்கியபோது என் மச்சான் இருப்பதை நான் சங்கிலி இழுபடுவதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மேலே இருப்பவர்களுக்கு வெள்ளைத் துணியைக் கண்ணாடியில் ஒட்டியது போல இருந்ததாம். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் கொஞ்ச நேரம் முயன்று பார்த்தார். அப்புறம் ஒவ்வொரு முறை விசில் கேட்கும்போதும், "ஏதோ நடந்திருக்கிறது" என்று மட்டும் சொன்னார். ஒரு தடவை பந்து நாலு நிமிடம் கிடைக்கவே இல்லை. ஓஸார்க் பையன் ஒருவன் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருந்தான். நடுவர் விலக்கிப் பார்த்தால் அவன் அணைத்திருந்தது இன்னொருவனின் ஹெல்மெட்.

ஐந்து நிமிடம் இருக்கும்போது வெர்னெல் சீட்டுகளை வாங்கினார். பிரித்தார். ஃபேர்சைல்டு, ஐந்து. ஒன்றும் எழுதாதது, இரண்டு. "கடவுளுக்கே வெளிச்சம்", ஒன்று. பனிமூட்டம், ஆறு.

"பனிமூட்டம் எந்த டீம்?" என்று கேட்டார்.

மார்வின் கோட்ஸ் என்ற மூத்த பத்திரிகைக்காரர் எழுந்தார். "மேடம், ரெண்டு டீமையும் நிறுத்தி வெச்சது அதுதானே. மனசாட்சிப்படி எழுதினோம்."

"பட்டியல்ல பேர் இல்ல. முதுகுல நம்பர் இல்ல. கையெழுத்துப் போட வராது. செல்லாது."

"அப்போ அடுத்தது ஃபேர்சைல்டு. அவனுக்கே குடுத்துருங்க."

"இடைவேளைக்கு அப்புறம் அவன் என்ன செஞ்சான்?"

மார்வின் கண்ணாடிக்கு வெளியே இருந்த வெள்ளையைப் பார்த்தார்.

"பார்த்தீங்களா?"

"இல்ல மேடம்."

"பார்க்காததை எப்படி எழுதினீங்க? கண்ணை மூடிக்கிட்டு வண்டி ஓட்டினவனுக்கு நான் இதுவரைக்கும் லைசென்ஸ் குடுத்ததில்ல."

அந்த நேரம் பார்த்து டப் அட்டையோடு உள்ளே வந்தார். "மிஸ் வெர்னெல், பேர் அடிச்சாச்சு. டிவிக்காரங்க கீழே காத்துக்கிட்டிருக்காங்க."

"அடிச்சதைக் கிழிக்கலாம், டப். நீயே கிழிக்கிறியா, நான் கிழிக்கட்டுமா?"

வெர்னெல் எழுந்ததும் டப் பதறினார். "இந்த நேரத்துல எங்கே கிளம்பிட்டீங்க?"

"பார்த்தவங்களைப் பார்க்க" என்று சொல்லி, மஞ்சள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு தொண்ணூற்றாறு படியும் இறங்கினார்.

என் கம்பத்தை ஒரு கை வந்து பிடித்தது.

"யாருப்பா இது?"

"நான்தான் மிஸ் வெர்னெல், ஹோய்ட்."

"நான் இப்போ மைதானத்துக்கு வெளியே நிக்கிறேனா, உள்ளேயா?"

"வெளியேன்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறியா. அன்னிக்கு ஒருவழிப் பாதையிலயும் இப்படித்தான் நினைச்சே."

சொல்லிவிட்டு நேராக உள்ளே நடந்தார். தனியாக விடக் கூடாதென்று நானும் போனேன். கம்பத்தை விட மறந்துவிட்டேன். அதனால் சங்கிலியும், மறுமுனையில் என் மச்சானும் கூடவே வந்தார்கள். விசில் ஒன்று கேட்டது. விதி மீறினால் நடுவர் வீசும் தண்டனைக் கொடி எங்கிருந்தோ பறந்துவந்து வெர்னெலின் தோளில் விழுந்தது. மஞ்சள் கோட்டில் மஞ்சள் கொடி.

நடுவர் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். "மேடம், நீங்க எந்த டீம்?"

"லைசென்ஸ் ஆபீஸ்."

அவர் கொடியை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "டிவி விளம்பரம் மூணு நிமிஷம் ஓடும். அதுக்குள்ள முடிச்சுக்கங்க."

முதலில் கிடைத்தவன் ஓஸார்க் டெக்கின் தொண்ணூற்று நான்காம் எண், டெஷான் மக்ரூடர். குளிர்சாதனப் பெட்டி அளவு உடம்பு. புல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"உன்னை யாருப்பா இந்தப் பாடு படுத்துறது?"

"அந்த அறுபத்திமூணு, மேடம். பைன் ரிவரோட சென்டர். பந்தை ரெண்டு காலுக்கு நடுவுல பின்னாடி தள்ளிட்டு என்னை முன்னாடி தள்ளுறான். அரை மணி நேரமா மல்லாந்துதான் கிடக்கிறேன். சரி, வானத்தையாவது பார்க்கலாம்னா அதுவும் தெரியல."

"பேர் என்ன அவனுக்கு?"

"பேரெல்லாம் தெரியாது. குரல் தெரியும். மாட்டைக் கூப்பிடுற மாதிரி நீளமா ஒண்ணு கூப்பிடுறான். அதைக் கேட்டுத்தான் அவனுங்க வரிசையில வந்து நிக்கிறாங்க. மறைச்சு என்ன, நாங்களும் அதைக் கேட்டுத்தான் வர்றோம்."

இரண்டு எட்டு தள்ளி ஃபேர்சைல்டு நின்றிருந்தான். வெர்னெல் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "தம்பி, நீதான் ஆட்ட நாயகன்னு அட்டை அடிச்சு வெச்சிருக்காங்க."

"நானா? மேடம், கடைசியா நான் வீசின பந்தை எங்க டீம் டாக்டர்தான் பிடிச்சார்." அவன் ஹெல்மெட்டைக் கழற்றிச் சிரித்தான். "அந்த அறுபத்திமூணு மட்டும் கத்தலேன்னா நான் இந்நேரம் கார் நிறுத்துற இடத்துல நின்னுட்டிருப்பேன். அவனுக்குக் குடுங்க."

அறுபத்திமூன்றாம் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. விளம்பரம் முடியப்போகிறதென்று அவனே தன் ஆட்களைக் கூப்பிட்டான். அடிவயிற்றிலிருந்து எழுந்து, மேலே போய், கடைசியில் இரண்டாக மடங்கி இறங்குகிற ஒரு கூப்பாடு. எனக்கே கால் அந்தப் பக்கம் நடக்கத் தொடங்கியது.

"நீதானா கத்துறது?"

லெமுவல் பிக்ஸ்பி ஹெல்மெட்டைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டான். ஆறடி நாலங்குலம், முகம் மட்டும் பன்னிரண்டு வயசு. "தப்புங்களா மேடம்? பெனால்டியா?"

"பேரை எழுத்துக் கூட்டிச் சொல்லு."

சொன்னான். அவர் அச்செழுத்தில் எழுதிக்கொண்டார்.

"எங்கே கத்துக்கிட்டே இதை?"

"விஸ்கான்சின்ல, எங்க வீட்ல அறுபது மாடு இருக்கு மேடம். விடியக்காலைப் பனியில ஒண்ணும் தெரியாது. கூப்பிட்டா வந்துரும்."

"இவனுங்களும் வந்துட்டானுங்களா?"

அவன் யோசித்துப் பார்த்தான். "மாடு இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வரும் மேடம்."

வெர்னெல் தொண்ணூற்றாறு படி மறுபடி ஏறி, கேட்டதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். புதுச் சீட்டு கொடுத்தார். பிக்ஸ்பிக்குப் பதின்மூன்று, ஃபேர்சைல்டுக்கு ஒன்று. அந்த ஒன்று ஃபேர்சைல்டின் ஊர்க்காரர் போட்டது. "பட்டியல்ல பேர் இருக்கு. செல்லும்" என்று அதையும் எடுத்துக்கொண்டார்.

கீழே அப்போது பத்துக்குப் பத்து. மிச்சமிருந்த ஐந்து நிமிடம் நாற்பது நிமிடமாக நீண்டது. கடைசியில் பைன் ரிவர் பையன்கள் மிக அருகிலிருந்து பந்தை உதைத்தார்கள். கோல் கம்பங்களுக்கு நடுவே போனதா இல்லையா என்று அவற்றுக்கு அடியில் நின்ற இரண்டு நடுவர்களுக்கு மட்டும் தெரிந்தது. அவர்கள் கையைத் தூக்கினார்கள். கை தூக்கியதும் யாருக்கும் தெரியாததால் வாயாலும் சொன்னார்கள். அந்த உதைக்கு மூன்று புள்ளி; பதின்மூன்றுக்குப் பத்து என்று பைன் ரிவர் ஜெயித்தது.

மேடையில் டப் ஒலிவாங்கியைப் பிடித்து அட்டையைப் பார்த்தார். பிறகு மேடைக்குப் பின்னால் என் பக்கத்தில் நின்ற வெர்னெலைப் பார்த்தார். அட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு, "லெமுவல் பிக்ஸ்பி" என்றார்.

ஆள் வரவில்லை. தன் பெயரில் இன்னொருவன் இருக்கிறான்போல என்று பிக்ஸ்பி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றானாம். மக்ரூடர்தான் முதுகில் கைவைத்து மேடைவரை தள்ளிக்கொண்டு வந்தான். அன்று அவன் பிக்ஸ்பியைத் தள்ள முடிந்தது அந்த ஒரு தடவைதான்.

கண்ணாடித் தர்பூசணியைக் கையில் கொடுத்து ஒலிவாங்கியை நீட்டினார்கள். பையன் "நன்றி" என்றான். "அம்மா, இது நான்தான்" என்றான்.

மேலே கூட்டத்திலிருந்து ஒரு ஆள், "எங்கேடா இருக்கே? ஒண்ணும் தெரியலடா" என்று கத்தினார்.

பிக்ஸ்பி தர்பூசணியை டப்பின் கையில் திணித்தான். இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு கூப்பிட்டான்.

இருபதாயிரம் பேர் இரண்டு மணி நேரமாக வெள்ளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள். அந்தக் குரல் கேட்டதும் எழுந்தார்கள். படியில் இறங்கும் சத்தம் முதலில் கேட்டது. பிறகு கம்பி வேலியைத் தாண்டும் சத்தம். பனிக்குள்ளிருந்து முதலில் காணாமல் போன டிராம்போன்காரர்கள் மூன்று பேரும் வந்தார்கள், அப்புறம் வறுத்த கெளுத்திமீன் பொட்டலத்தோடு ஒரு குடும்பம், அப்புறம் எங்கள் பாதிரியார், அப்புறம் ஊரே வந்தது. ஓஸார்க்காரர்களும் வந்தார்கள். எல்லோரும் மேடையைச் சுற்றி நெருக்கியடித்து நின்று, வந்துவிட்டோம் என்பதுபோல அவன் முகத்தையே பார்த்தார்கள். அவன் பழக்கதோஷத்தில் முன்வரிசை ஆள் ஒருவரின் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டான்.

வெர்னெல் என் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து, மூச்சு முட்டி, புல்லிலேயே உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் சிரித்தார். டப் பத்தொன்பது பவுண்டையும் அணைத்துக்கொண்டு, "அவங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சா?" என்று என்னிடம் கேட்டார்.

அடுத்த வருஷத்துச் சீட்டில் வெர்னெல் சொல்லிப் புதிதாக ஒரு வரி அச்சானது: "வானிலைக்கு வாக்களிக்கக் கூடாது." மார்வின் கோட்ஸ் அதைச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்.

பிக்ஸ்பி அதற்கப்புறம் பெரிய அணி எதிலும் ஆடவில்லை. பண்ணைக்குத் திரும்பிவிட்டான். கிறிஸ்துமஸ் வந்தால் வெர்னெலுக்கு ஒரு பாளம் பாலாடைக்கட்டியும் கடிதமும் அனுப்புவான். போன வருஷக் கடிதத்தில், புதிதாகப் பிறந்த கிடேரிக் கன்றுக்கு அவர் பெயரை வைத்திருப்பதாக எழுதியிருந்தான். படமும் வைத்திருந்தான். நல்ல கன்று, முறைத்த பார்வை. யார் கூப்பிட்டாலும் வருவதில்லையாம். வெர்னெல் அந்தக் கடிதத்தை என் கடைக்கே எடுத்துவந்து, கல்லா முன்னால் நின்று, இரண்டு தடவை சத்தமாகப் படித்துக் காட்டினார்.