படத்துக்குக் கீழே ஒரு பெயர்

அந்தப் படம் என் கணினித் திரையில் மேலிருந்து கீழாக, மிக மெதுவாகத் திறந்தது. முதலில் வெளிறிய பச்சைச் சுவர். பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலின் இரும்புக் கம்பி. பிறகு தலையணையில் கலைந்து கிடந்த கூந்தல். முகம் வந்து சேருமுன்பே யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. கீழே ஆங்கிலத்தில் ‘பட்டாசு ஆலை விபத்தில் பாதிக்கப்பட்ட பெண்’ என்று ஒரு வரி. அது என் அம்மா. சிவகாசி அச்சகம் ஒன்றில் பக்கம் வடிவமைக்கும் வேலையில் நான் சேர்ந்து அப்போது சில ஆண்டுகள் ஆகியிருந்தன. காலண்டர் சீசன் முடிந்து இயந்திரங்கள் சற்று ஓய்ந்திருந்த மாதம் அது. மசி வாடையும் தரையின் மெல்லிய அதிர்வும் அப்படியேதான் இருந்தன. நான் மட்டும் தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பதைப் போல ஒரு சத்தமும் கேட்காமல் இருந்தேன்.

அது ஒரு மனித உரிமை அமைப்பின் ஆண்டறிக்கை. வெளிநாட்டில் நிதி கொடுப்பவர்களுக்கு அனுப்புவது. அந்த அமைப்பை நடத்தியவரை அம்மாவும் அக்கா என்பாள், நானும் அக்கா என்பேன். வெம்பக்கோட்டையிலிருந்து திருத்தங்கல் வரை எல்லோருக்கும் அவர் அக்காதான்.

அம்மா வேலை பார்த்த பட்டாசு ஆலை வெம்பக்கோட்டைக்கு அப்பால், கரிசல் காட்டின் நடுவே இருந்தது. மாலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்களின் கையிலும் கன்னத்திலும் அலுமினியப் பொடி ஒட்டியிருக்கும். சாயும் வெயிலில் அவர்கள் மினுங்கிக்கொண்டே நடந்து வருவதைப் பார்த்தால் வேறேதோ உலகத்திலிருந்து வருகிறவர்களைப் போலிருக்கும். அப்பா முன்பே போய்விட்டிருந்ததால் எங்கள் வீட்டுச் சோறு அந்த மினுமினுப்பிலிருந்துதான் வந்தது. ஒரு தீபாவளி ஆர்டர் நெருக்கடியில், வெடிமருந்து நிரப்பும் அறைக்குள் இருக்கவேண்டியதைவிட அதிகம் பேரை உட்காரவைத்திருந்தார்கள். அந்த அறை வெடித்தது. உடனிருந்தவர்களில் சிலர் வீடு திரும்பவில்லை. அம்மா இடது கன்னத்திலும் கழுத்திலும் கையிலும் வெந்த புண்ணோடு பிழைத்தாள்.

ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தவர்கள் கரை வேட்டிகள், அப்புறம் அதிகாரிகள், அப்புறம் காமிராக்கள். எல்லோரும் போனபிறகு அக்கா வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு, கஞ்சி போட்ட பருத்திச் சேலை, தோளில் துணிப்பை. அம்மா வலியில் முனகும்போதெல்லாம் ஏதாவது ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருப்பார். பாதிக் கதையில் அவரே தூங்கிவிடுவார். புண் ஆறியபின் அம்மாவை விசாரணைக்குச் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு அழைத்துப் போனதும், ஆலைக்காரர்கள் சமாதானம் பேச வந்தபோது திண்டாடிய எங்களுக்குச் சட்டம் என்ன சொல்கிறதென்று புரியவைத்ததும் அவர்தான். இழப்பீடு கைக்கு வரும்வரை அந்தப் பெண்மணி ஓய்ந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் ஊரில் அவரைப் பற்றி நல்ல பேச்சு மட்டும் இருந்ததில்லை. எங்கள் அச்சக முதலாளி நல்ல மனிதர். அம்மாவின் வைத்தியத்துக்கு நான் கேட்காமலே உதவியவர். அவரே சொல்வார்: “வெளிநாட்டுக்காரன் சும்மாவா காசு குடுக்கான்? நம்ம ஊர் வெடியை நிப்பாட்டத்தான் பாக்கான். நாளைக்குக் கம்பெனியைப் பூட்டிட்டா இந்த அக்காவா வந்து உலை வைக்கும்?” வெடிப்பெட்டிக்கு லேபிள் அடித்துப் பிழைக்கிற அச்சகத்தில் அந்தப் பயம் பொய்யானதல்ல. எங்கள் தெருவிலும் அதையே வேறு வார்த்தையில் சொன்னார்கள். நான் அக்காவின் பக்கம் நின்று சண்டை போட்டிருக்கிறேன். அந்தப் படத்தைப் பார்த்த அன்றுதான், இவர்கள் சொன்னதில் ஏதாவது உண்மை இருக்குமோ என்று நெஞ்சு கேட்டது.

சாயங்காலமே திருத்தங்கலில் இருந்த அவருடைய அலுவலகத்துக்குப் போனேன். அக்கா என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“எங்கம்மா படத்தை யாரைக் கேட்டுப் போட்டீங்க?”

“கையெழுத்து வாங்கியிருக்கோம்மா.”

“எப்போ? மயக்கத்துல கெடந்தப்பவா?”

அவர் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார், நான் உட்காரவில்லை. யாரிடமோ பேசுவதைப் போலச் சொன்னார்: “இந்த மாதிரிப் படம் இல்லேன்னா நிதி குறைஞ்சிடும்னு அங்கேருந்து எழுதுறாங்க. உங்கம்மா கேஸுக்கு நான் சூலக்கரைக்கு நடையா நடந்தேனே, வக்கீல் வெச்சேனே… அந்தக் காசு எங்கேருந்து வந்ததுன்னு நினைச்சே? அதுக்கு முந்தின வருஷம் வேற ஒருத்தியோட படத்தைப் போட்டோம். அவ முகம் கொண்டுவந்த காசு அது.”

அந்த இன்னொருத்தியை எனக்குத் தெரியாது. அவளுடைய முகத்தைச் செலவழித்துத்தான் எங்களுக்கு நியாயம் கிடைத்தது என்பது பேருந்தில் வரும் வழியெல்லாம் சன்னலுக்கு வெளியே என்னோடு ஓடிவந்தது. கோபம் போகவில்லை. ஆனால் அதை யார்மேல் வைப்பது என்று தெரியாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அக்காவே வீட்டுக்கு வந்தார். பையிலிருந்து படத்தை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, “இதை உங்ககிட்ட முன்னாடியே காட்டியிருக்கணும். இப்பக் காட்டுறேன். வேண்டாம்னா எடுத்துடறேன்” என்றார். அம்மா அதை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். விபத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக் கண்ணாடி ரொம்ப நாள் சுவர்ப் பக்கம் திரும்பியே இருந்தது. அந்த நாட்களின் தன் முகத்தை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

“இதைப் பாத்துத்தான் அங்கன காசு குடுக்காகளாக்கா?”

“ஆமா.”

“பாவம்னா?”

“ஆமாம்மா.”

அம்மா சிரித்தாள்; காயம் இழுத்துப் பிடித்த கன்னத்தில் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. “சூலக்கரையில அம்புட்டு ஆபீசருக முன்னால நின்னு, அறைக்குள்ள ஆளுகளை அடைச்சு வச்சாகன்னு சொன்னேனே. அப்ப எடுத்த படம் இல்லையா உங்ககிட்ட?”

இல்லை. அன்று யாரும் படமெடுக்கவில்லை. அழுதபோதும் வெந்து கிடந்தபோதும் இருந்த காமிராக்கள் அவள் பேசியபோது இல்லை.

“அப்ப இப்ப எடுங்க. முந்தானையை வச்சு மறைக்க மாட்டேன், காயம் தெரியட்டும். ஆனா நின்னுக்கிட்டு எடுங்க. கீழ பேரு போடுங்க.” சொல்லிவிட்டு, எந்தச் சேலை என்று என்னைப் பார்த்தாள்.

மாம்பழ நிறச் சேலையில், கலெக்டர் ஆபீஸ் வேப்பமரத்தடியில் நின்று எடுத்த படம் அது. இலைகளின் நிழல் அவள்மேல் அசைந்துகொண்டிருந்தபோது எடுத்தது. பார்க்கும்போதெல்லாம் அந்த நிழல் இன்னும் அசைவதாகவே எனக்குத் தோன்றும். பழைய படத்தை எடுத்துவிட்டு அதை நானே அறிக்கைப் பக்கத்தில் பொருத்தினேன். அவள் பெயரை நானே தட்டச்சு செய்தேன். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. இந்தக் கட்டுரைக்காக அவளை நான் இன்னும் கேட்கவில்லை.

அறிக்கை போனது. அடுத்த முறை நிதி குறைந்துதான் வந்தது. படத்தால்தானா, வேறு காரணமா என்று அக்கா சொல்லவில்லை. பிறகு சில காலம் கழித்து, வெளிநாட்டு நிதி வாங்குவதற்கான அனுமதியும் புதுப்பிக்கப்படாமல் நின்றது. பணியாளர்கள் ஒவ்வொருவராக வேறு வேலை தேடிப் போனார்கள். பெயர்ப் பலகையை இறக்கிய அன்று எங்கள் முதலாளி, “பாத்தியா, காசு நின்னுச்சு, கடையைச் சாத்தியாச்சு” என்றார். அக்கா தன் ஊருக்கு, தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். தொலைபேசியில் பேசினால் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். எங்கள் பக்கத்தில் மழை உண்டா என்பதையே திரும்பத் திரும்பக் கேட்பார். தூரத்துப் பேருந்துகளின் சத்தம் அவருக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருக்கும்.

இந்தக் கோடையில் மறுபடி ஓர் ஆலை வெடித்தது. செய்தி கேட்டதும் அம்மா தெருப் பெண்கள் சிலரோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள். இரண்டு பஸ் மாறி அக்கா மறுநாள் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. வார்டு வாசலில் காவலாளி, “எந்த அமைப்புங்க? கார்டு இருக்கா?” என்று மறித்தார். அக்கா பழக்கத்தில் பைக்குள் கையைவிட்டார். அங்கே ஒன்றும் இல்லை. உள்ளிருந்து எட்டிப் பார்த்த அம்மா வந்து அவர் கையைப் பிடித்தாள். “அவக எங்க ஆளு தம்பி. விடுங்க.”

கட்டிலில் இருந்தவள் இளம் பெண். கட்டுகளுக்கு நடுவே கண்கள் மட்டும் தெரிந்தன. அரைமயக்கத்தில், எல்லோரும் கேட்பதைத்தான் அவளும் கேட்டாள்: “கம்பெனியைப் பூட்டிருவாகளாக்கா?”

“தெரியலைம்மா,” என்றார் அக்கா. “நாளைக்கும் வருவேன்.”

எந்த நிதியில் என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அதற்குள் அம்மா அந்தப் பெண்ணின் போர்வையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: “எங்க வீட்டுலதான் தங்குறாக. ரெண்டு பேருமா வருவோம்.”