இரண்டு குடும்பம், ஒரு கிச்சன்

தீபாவளிக்கு முந்தைய வாரம் முழுக்க எங்கள் செம்பூர் வீட்டில் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது.

'கிச்சன் எத்தனை?'

உடனே வீடு வாங்கப் போகிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். மும்பையில் அதற்கெல்லாம் ஏது வழி! லீவுக்குத் தங்க ஒரு வில்லா. ஒரு லாங் வீக்எண்டுக்கு. இரண்டு குடும்பங்களுக்கு.

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? அந்த இரண்டாவது குடும்பம் யார் என்று சொன்னால் புரியும்.

என் மகன் கார்த்திக்கும் அவனோடு வேலை பார்க்கும் ஷெரினும் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறார்கள். ஷெரின் தாராவிப் பெண். அப்பா தங்கராஜ் ரயில்வேயில் எலெக்ட்ரீஷியன். அம்மா எஸ்தர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஞாயிறு தவறாமல் சர்ச், வாரத்தில் பாதி நாள் மீன்.

நாங்கள்? மாதுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பம். சில கிழமைகளில் வெங்காயத்தைக்கூட வீட்டுக்குள் விடாதவர் என் கணவர் ராமநாதன்.

இரண்டு வீட்டிலும் யாரும் 'கூடாது' என்று சொல்லவில்லை. 'சரி' என்றும் சொல்லவில்லை. அப்பாக்கள் இருவரும் ஒருமுறை மாதுங்காவில் ஒரு ஹோட்டலில் சந்தித்தார்கள். காப்பி குடித்தார்கள். தண்டவாள ரிப்பேருக்காக ஞாயிற்றுக்கிழமை போடும் மெகா பிளாக்கில் ரயில்கள் எப்படியெல்லாம் சொதப்புகின்றன என்று ஆசை தீரப் பேசினார்கள். பிறகு கைகுலுக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கல்யாணப் பேச்சு? ம்ஹூம்.

கடைசியில் ஷெரின்தான் பொறுக்க முடியாமல் எனக்கு போன் செய்தாள்.

"ஆன்ட்டி, ரெண்டு குடும்பமும் ஒரே வீட்ல ஒரு தடவை சேர்ந்து இருந்து பாருங்க. அதுக்கப்புறமும் வேண்டாம்னு தோணிச்சுன்னா நேராச் சொல்லிடுங்க. இப்படித் தொங்கல்ல விடாதீங்க, ப்ளீஸ்."

நியாயம்தானே?

(இதையெல்லாம் இவ்வளவு தைரியமாக எப்படி எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். கார்த்திக்குக்கும் ஷெரினுக்கும் தமிழ் பேசத்தான் தெரியும். படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவதற்குள் அடுத்த வாரமே வந்துவிடும்!)

ஆக, வில்லா தேடும் படலம் ஆரம்பமானது. மும்பைக்கு வெளியே கர்ஜத் பக்கம் என்று முடிவு. பிள்ளைகள் போட்டோ போட்டோவாக அனுப்பினார்கள். எல்லா வில்லாவிலும் நீச்சல் குளம் கடல் போல இருந்தது. எல்லாக் கட்டிலிலும் துண்டை அன்னப்பறவையாக மடித்து வைத்திருந்தார்கள்.

என் கணவர் அன்னப்பறவையைக் கண்டுகொள்ளவில்லை. "கிச்சன் எத்தனைன்னு கேளு. ரெண்டு இருந்தா நான் வரேன். ஒண்ணுதான்னா சரிப்படாது."

எஸ்தர் தரப்பிலும் ஒரு கண்டிஷன் வந்தது. "எங்க வீட்டு அவுகளுக்கு முட்டி வலி. பெட்ரூம் கீழேயே இருக்கணும்."

போட்டோவை நம்பி ஏமாற வேண்டாம், நேரில் போய்ப் பார்த்துவிடுவோம் என்று நானும் எஸ்தரும் கிளம்பினோம். அவருக்கு அன்று வீக்லி ஆஃப். என் காரில், நானே டிரைவர். இதற்கு முன் நாங்கள் இருவரும் தனியாகப் பேசியதே இல்லை. அவர் என்னை 'மேடம்' என்றார். நான் அவரை 'நீங்க' என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

பன்வேல் ஹைவேயில் என் டிரைவிங்கைப் பார்த்து அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒவ்வொரு லாரியையும் நான் ஓவர்டேக் செய்யும்போது மெதுவாக, "ஸ்தோத்திரம்... ஸ்தோத்திரம்..." என்று மட்டும் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. சான்பாடா தாண்டுவதற்குள் நானும் மனசுக்குள் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

முதல் வில்லா. கடல் போன்ற நீச்சல் குளம் நேரில் எங்கள் பில்டிங் வாட்டர் டேங்க் அளவுதான். சரி, போகட்டும் என்று பெட்ரூமுக்குள் நுழைந்தோம். நுழைந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டோம்.

பாத்ரூமுக்குச் சுவரே இல்லை! மொத்தமும் கண்ணாடி. கட்டிலில் உட்கார்ந்தால் ஷவர், கம்மோடு... எல்லாமே தெரிகிறது.

"இது என்ன, ஐ.சி.யூ.வா?" என்றார் எஸ்தர்.

அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். எங்கள் வீட்டுக்காரர்கள் இருவரையும் அந்தக் கண்ணாடிக்குள் நினைத்துப் பார்த்தோமோ என்னவோ, வெளியே வந்து காரில் ஏறியும் சிரிப்பு அடங்கவில்லை.

"வேற இடம் பாப்போம்க்கா" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. மேடம் அக்காவானது அங்கேதான்.

இரண்டாவது வில்லா பிரமாதம். பெரிய தோட்டம். நடுவில் நிஜமாகவே பெரிய குளம். குளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் அதே மாதிரி இன்னொரு வீடு. இதற்கும் அதற்கும் தனித்தனி வாசல், தனித்தனி ஹால். எல்லாவற்றுக்கும் மேலாகத் தனித்தனி கிச்சன்! கீழேயே பெட்ரூமும் இருந்தது.

கேர்டேக்கர் பெருமையோடு சுற்றிக் காட்டினார். "ஏக்தம் பிரைவேட், மேடம். இந்தப் பக்கத்து ஃபேமிலி அந்தப் பக்கத்து ஃபேமிலியின் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம்."

நான் போனை எடுத்தேன். கணவரிடம் சொன்னால் துள்ளிக் குதிப்பாரே!

எஸ்தர் கிச்சன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு போயிருந்தது.

"எப்படி இருக்கு எஸ்தர்?"

"நல்லாத்தான் இருக்கு. சாருக்கு ரொம்பப் பிடிக்கும்." குளத்துக்கு அந்தப் பக்கம் கை காட்டினார். "ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டியளே? நாங்க அந்தப் பக்கம் இருப்போம். நீங்க இந்தப் பக்கம் இருப்பிய. சரி. நாளைக்கு எம்மவ எந்தக் கிச்சன்லக்கா நிப்பா?"

நான் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மூன்றாவது வீட்டைக் கண்டுபிடித்ததே தற்செயல்தான். அதே ரோட்டில் கொஞ்சம் தள்ளி ஒரு போர்டு. வில்லா என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் சாதாரணமான பழைய ஓட்டு வீடு. நடுவில் பெரிய ஹால், சுற்றி நாலு பெட்ரூம், எல்லாம் தரைத் தளத்தில். பாத்ரூமுக்குக் கெட்டியான சுவர்! நீளமான ஒரு டைனிங் டேபிள். குளம் இல்லை, பின்பக்கம் ஆறு. கிச்சன் ஒன்றே ஒன்று.

"நாலு பர்னர் அடுப்பு" என்றேன்.

"ரெண்டு உங்களுக்கு, ரெண்டு எங்களுக்கு" என்றார் எஸ்தர். "பாத்திரம் நானே கொண்டாரேன். உங்க பாத்திரத்தைத் தொட மாட்டேன்."

"தொட்டா என்ன ஆயிடும்?" என்று சொன்னேன். சொல்லிவிட்டு, அந்தத் தைரியம் போவதற்குள் அட்வான்ஸைக் கட்டிவிட்டுத்தான் கணவருக்கு போன் போட்டேன்.

"ஒரே கிச்சனா? நன்னா யோசிச்சியாடி?"

"யோசிச்சாச்சு. புக் பண்ணியாச்சு."

"அப்போ நீங்கள்லாம் போயிட்டு வாங்கோ. நான் வரலை."

ஆனால் கிளம்புகிற அன்று காலை, ஹாலில் ஒரு பெரிய பை உட்கார்ந்திருந்தது. உள்ளே குக்கர், கரண்டி, தட்டு, டம்ளர், ஊறுகாய் பாட்டில். பக்கத்தில் ஷூ போட்டுக்கொண்டு இவர். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பையைப் பிரித்துவிடுவாரே!

முதல் நாள் நல்லபடியாகப் போனது என்று எழுத ஆசைதான். போகவில்லை.

மத்தியானம் எஸ்தர் மீன் குழம்பு வைத்தார். என் கணவர் தன் தயிர்சாதத் தட்டை எடுத்துக்கொண்டு வெராண்டாவுக்குப் போய்த் தனியாக உட்கார்ந்துவிட்டார். கோபமாக எதுவும் சொல்லவில்லை. சும்மா எழுந்து போனார். ஹாலில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். தங்கராஜ் வேகவேகமாக நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, கையைக் கழுவிவிட்டு வெராண்டா வாசலுக்குப் போனார்.

"சார், நான் முடிச்சிட்டேன். நீங்க உள்ள வந்து உக்காருங்க."

அவர் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கிச்சனில் எஸ்தர் குழம்புச் சட்டியை மூடிவைத்துவிட்டு, கேட்காமலே இரண்டு ஜன்னல்களையும் திறந்துவிட்டார். என்னால் அவரை ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை.

அன்று மாலை ஆற்றங்கரைக்குப் போனோம். எல்லோரும் ஒருவருக்கொருவர் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டோம். மரியாதை அதிகமானால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா? எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

மறுநாள் காலை டிபன். எங்களுக்கு இட்லியும் சட்னியும். அவர்களுக்கு இட்லியும் முதல்நாள் மீன் குழம்பும் — 'இன்னைக்குத்தாம்க்கா அதுக்கு ருசி' என்றார் எஸ்தர். என் கணவர் வழக்கம்போல வெராண்டாவில்.

ஆற்றைப் பற்றி ஏதோ பேச்சு. கார்த்திக் இட்லியைப் பிய்த்துக்கொண்டே, "பெங்களூர் போயிட்டா இந்த மாதிரி இடத்தையெல்லாம் மிஸ் பண்ணுவோம், இல்ல?" என்றான்.

ஷெரின் நிமிர்ந்தாள். "பெங்களூருக்கு யாரு போறா?"

"நாமதான். டிரான்ஸ்ஃபர் கேட்டிருந்தேன்... ஓகே ஆயிடும் போல. சொல்லலாம்னுதான்..."

"எப்போ கேட்டே?"

"போன மாசம்."

ஷெரின் தட்டைத் தள்ளிவைத்தாள். "முஜ்ஸே பூச்சா?"

என்னைக் கேட்டாயா என்று அவள் ஹிந்தியில் ஆரம்பிக்க, இவனும் ஹிந்தியிலேயே பதில் சொல்ல... மும்பையில் வளர்ந்த பிள்ளைகள் காதலை எந்த மொழியில் சொல்வார்களோ, சண்டை மட்டும் ஹிந்தியில்தான்! 'நல்ல ஆஃபர்' என்றான் இவன். 'என் வேலை வேலையில்லையா' என்றாள் அவள். குரல் ஏறியது. தங்கராஜ் கையில் பிய்த்த இட்லி அப்படியே நின்றது.

கடைசியில் ஷெரின் தமிழுக்கு வந்தாள். அதுதான் பயமாக இருந்தது.

"நீ தனியாவே போ கார்த்திக். இந்தக் கல்யாணம் வேண்டாம். விட்டுடு."

எஸ்தர் என் கையைப் பிடித்தார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன் என்று.

வெராண்டாவிலிருந்து காலடிச் சத்தம். என் கணவர் உள்ளே வந்தார்.

"ஏண்டா, அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படிடா முடிவு பண்ணினே?"

"அப்பா, நீங்க இதுல வராதீங்க. உங்களுக்குத்தான் இந்தக் கல்யாணமே பிடிக்கலையே."

"பிடிக்கலைன்னு நான் எப்போடா சொன்னேன்?"

மாதக்கணக்கில் இரண்டு குடும்பமும் எதிர்பார்த்துக் காத்திருந்த பதில். அவருக்கே தெரியாமல் வாயிலிருந்து விழுந்துவிட்டது!

அவர் நாற்காலியை இழுத்து ஷெரின் பக்கத்தில் உட்கார்ந்தார். "அவன் இப்படித்தாம்மா. எங்ககிட்டயும் எதையும் முன்கூட்டிச் சொல்லமாட்டான். நீ விட்டுக்கொடுக்காதே, நன்னாத் திட்டு. ஆனா கல்யாணம் வேண்டாம்னு மட்டும் சொல்லாதே."

"கேட்டிருந்தா நான் சரின்னே சொல்லியிருப்பேன், அங்கிள்" என்றாள் ஷெரின். கண்ணில் தண்ணீர்.

எஸ்தர் தன் பங்குக்குக் கார்த்திக் பக்கம் போனார். "தம்பி, தப்பு உங்க பேர்லதான். போய் ஸாரி சொல்லுங்க. எல்லாரு முன்னாடியும் சொல்லுங்க." பிறகு அவன் தோளைத் தட்டி, "மொதல்ல சாப்பிடுங்க" என்று இன்னும் இரண்டு இட்லி வைத்தார்.

என் கணவரின் முழங்கைக்குப் பக்கத்திலேயே மீன் குழம்புச் சட்டி இருந்தது, மூடாமல். அவர் பார்க்கவே இல்லை. தங்கராஜ் பார்த்துவிட்டு மெதுவாகத் தள்ளிவைக்கப் போனார். "இருக்கட்டும் தங்கராஜ், உக்காருங்கோ" என்றார் இவர், திரும்பாமலே.

கார்த்திக் ஸாரி சொன்னான். ஷெரின் உடனே சமாதானமாகிவிடவில்லை. மத்தியானம் வரை அவனோடு பேசவே இல்லை. மாலையில் இருவரும் ஆற்றோரம் நடக்கப் போனார்கள். திரும்பி வந்தபோது பெங்களூர் விஷயம் முடிவாகியிருக்கவில்லை. இருந்தாலும், "யோசிச்சுச் சொல்றோம்" என்றாள் ஷெரின். அந்த 'றோம்' எங்கள் நாலு பேருக்கும் போதுமானதாக இருந்தது.

அதற்குள் இங்கே அப்பாக்கள் இருவரும் கல்யாணத்துக்குக் காலையில் சர்ச், சாயங்காலம் மாதுங்காவில் ஹால் என்று பேச ஆரம்பித்து, சாப்பாட்டு மெனுவில் மோதிக்கொண்டிருந்தார்கள்!

வில்லா விளம்பரங்களில் எல்லாம் 'பிரைவசி, பிரைவசி' என்று போடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அதற்கு மயங்கியவள்தான். குளத்துக்கு அந்தப் பக்கம் அவர்கள் தங்கியிருந்தால், இந்தச் சண்டை எங்கள் காதில் விழுந்திருக்குமா? கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளே அடித்துக்கொண்டு பிரிந்திருப்பார்கள். நாங்களும், 'நாமதான் சரின்னே சொல்லலையே, நமக்கென்ன' என்று மரியாதையாக வீடு திரும்பியிருப்போம்.

பெற்றோர் சம்மதத்துக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளே... கெஞ்சியது போதும், ஒருமுறை எங்கள் எதிரில் நன்றாகச் சண்டை போட்டுப் பாருங்களேன்!