டின் ரூஃப் பாட்டின் பதினொரு வினாடிகள்

இந்தப் பதிவைத் திறந்திருக்கிறீர்கள் என்றால் உங்களுக்கும் அந்தக் கிறுக்கு இருக்கிறது என்று அர்த்தம். தெரியாமல் வந்து மாட்டியவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளில் கண்டியில் நான்கு பேர் சேர்ந்து ‘டின் ரூஃப்’ என்றொரு ஹார்ட் ரொக் குழு வைத்திருந்தார்கள். வானொலி அவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை, பெரிய ஹோட்டல் எதுவும் மேடை கொடுக்கவில்லை. மிஞ்சியது ஒரே ஒரு கசெட், அதில் ஆறு ஆங்கிலப் பாட்டு. அதைப் பிரதி எடுத்து, பிரதிக்கும் பிரதி எடுத்து, இரைச்சலோடு சேர்த்தே காதலித்து இன்றைக்கும் திருந்தாத கூட்டம் நாங்கள்.

ஒவ்வொரு வருடமும் பெப்ரவரி இரண்டாம் ஞாயிறு நாவலப்பிட்டியில் கூடுவோம். பாட்டுகள் பதிவானது அங்கேதான். கடைசிப் பாட்டில் மூன்று நிமிடம் பன்னிரண்டாவது வினாடியில் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். பதினொரு வினாடி மௌனம். பிறகு டிரம்ஸ் இடி மாதிரி வந்து விழும். அந்தப் பதினொரு வினாடியும் நாங்கள் வலது கையைத் தூக்கிக்கொண்டு மூச்சு விடாமல் நிற்போம், அது வழக்கம். எங்கள் டீ-சேர்ட்டிலும் வெறும் ‘11’தான். இதே தளத்தில் அந்த மௌனத்தைப் பற்றி நானே ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறேன். மலைகள் மூச்சை அடக்கிக்கொள்ளும் நேரம் அது என்றெல்லாம் அளந்து வைத்திருக்கிறேன். தயவு செய்து தேடிப் படிக்காதீர்கள்.

இந்த முறை எனக்கு இரண்டு வேலை தந்திருந்தார்கள். குழுவில் உயிரோடு இருப்பது தெரிந்த ஒரே ஆள் பேஸ் கிற்றார் வாசித்த பரமசிவம் ஐயா. அந்தக் காலத்தில் கண்டி டவுனில் பாட்டுகளைக் கசெட்டில் பதிந்து விற்கும் ‘ரெக்கோடிங் பார்’ கடை வைத்திருந்தவர். வயது எழுபத்தாறு, வீடு கெலிஓயாவில். மூல ஸ்பூல் டேப் அவரிடம்தான் இருக்கிறது. அதை வாங்கினால் ஒழுங்கான இசைத்தட்டாக வெளியிடலாம். அதோடு அவரையும் கையோடு கூட்டி வரவேண்டும். எத்தனை வருடம் அழைத்தும் அவர் வந்ததில்லை. “பாப்போம் தம்பி” என்று போனை வைத்துவிடுவார்.

காலை 4.45க்கு கொழும்பில் ஏசி பஸ் எடுத்தேன், 750 ரூபாய். 116 கிலோமீட்டர். 8.10க்கு கண்டி. இடியப்பமும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு 8.50க்கு கம்பளை பஸ்ஸில் ஏறினேன். கெலிஓயா 12 கிலோமீட்டர்தான், 70 ரூபாய். பேராதனையில் நெரிசல், ஆகவே ஐம்பது நிமிடம் பிடித்தது. வலது பக்க ஜன்னல் கிடைத்தாலும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். போன வருடக் கடைசியில் வெள்ளம் வந்து போன இடங்களைப் பார்த்துக்கொண்டே போக மனம் வராது.

சந்தியில் ஓட்டோக்காரர் ஃபாயிஸ் நானாவிடம் பேரைச் சொன்னதும், “ரெக்கோடிங் பார் பரமசிவமா? ஊட்லதான் ஈக்கிறாரு, வாங்க” என்றார். ஒன்றரைக் கிலோமீட்டர், 200 ரூபாய். வழியில் ஒரு மதிலைக் காட்டினார். என் தலைக்கு மேலே சேற்றுக்கோடு.

“இது வரைக்கும் தண்ணி. எங்க சாச்சா ஊட்டையும் கொண்டுபோயிட்டு. பரமசிவத்த நாங்க நாலு பேர் கதிரையோட தூக்கித்தான் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோனோம். மனுசன் வர மாட்டேன்டு ஒரே அடம். என்னமோ டேப்பு ஒண்டு உள்ள கெடக்காம்.”

ஓட்டோவைக் கொஞ்சம் வேகமாக விடச் சொன்னேன். அந்த நேரத்தில் அந்த ஊருக்காக அல்ல, டேப்புக்காக. வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டுமே.

பரமசிவம் ஐயா ஒல்லியாக, சவரம் செய்த முகத்தோடு வாசலிலேயே நின்றார். “வாங்க, வாங்க, ஒக்காருங்க. யாழ்ப்பாணமா? பேச்சுல தெரியுது.” அறையில் புதுச் சுண்ணாம்பு வாசமும் பழைய சேற்று வாசமும் சேர்ந்து அடித்தன. தேநீர் வருவதற்குள் நான் அவசரக்குடுக்கையாக டேப்பைக் கேட்டுவிட்டேன். அவர் அலுமாரியைத் திறந்து ஒரு தகர டப்பாவைக் கொடுத்தார்.

டேப் பாளம் பாளமாக ஒட்டிக் கிடந்தது. தொட்ட இடத்தில் பழுப்பு நிறத் தூள் விரலில் வந்தது.

“கழுவி வெயில்ல காயப் போட்டேன். அது தப்பாமே, பொறகு சொன்னாங்க.”

“ஐயோ கடவுளே” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். “அப்ப அந்தப் பதினொரு வினாடியும் இனி நல்ல ஒலியிலை கேக்கேலாதா ஐயா?”

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். “அதுல என்னத்தக் கேப்பீங்க? அத நாந்தானே அழிச்சேன்.”

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார், ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி இல்லை, ரொம்ப நாளாகத் தனக்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்த மாதிரி. டிரம்ஸ் வாசித்தது சன்னாசி. நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துப் பையன், லயம் என்றால் தொழிலாளர்களின் வரிசை வீடு. அந்த இடத்தில் மற்ற மூவரும் நிறுத்த, சன்னாசி மட்டும் தமிழில் கத்துவானாம். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கங்காணி பேர் கூப்பிடுவாரே, அதே குரலில் ஒன்பது பெயர். எல்லாம் அவன் லயத்துப் பொம்பளைகள். கடைசிப் பெயர் அவனுடைய அம்மா.

“அந்த வருசந்தான், எழுபத்தேழுல, தமிழாளுகளுக்கு எதிரா கலவரம் வந்துச்சு. டவுன்ல என் கட தப்பிச்சது தெய்வாதீனம். மறுபடி தெறந்தப்ப வாசல் ஸ்பீக்கர்ல பாட்டப் போட்டாத்தான் கசெட்டு விக்கும். அந்த எடம் வந்தா தோட்டத்துப் பேரு ரோடு பூரா கேக்கும். போறவன் வாறவன் எப்படிப்பட்டவன்னு நெத்தியில எழுதியா இருக்கு? பயந்துட்டேன் தம்பி. ஒரு மத்தியானம் ஒக்காந்து ஒம்பது பேரையும் அழிச்சுட்டேன்.”

“சன்னாசி என்ன சொன்னவர்?”

“கடைக்கு வந்தான். முழுசாக் கேட்டான். ‘நல்லாத்தான் இருக்கு’ன்னான். அவ்வளவுதான். ரெண்டு மாசத்துல அந்தப் பிரஜாவுரிமை ஒப்பந்தப்படி குடும்பத்தோட தலைமன்னார்ல இந்தியாவுக்குக் கப்பல் ஏத்திட்டாங்க. கூடலூர்ப் பக்கமிருந்து ரெண்டு கடுதாசி வந்துச்சு. பொறகு இல்ல.”

சும்மா சொல்லக் கூடாது, அந்த மனிதர் அழவில்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இத்தனை வருடமாக நாங்கள் கை தூக்கி நின்றது பயத்துக்கு. அதைத்தான் டீ-சேர்ட்டில் வேறு போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறோம்.

திரும்பிப் போய்விடலாம் என்று எழுந்தேன். அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். “நானும் வாறேன். தண்ணிக்குள்ள கெடக்கையில நாவலப்பிட்டிக்கு ஒருக்கா போகணும்ங்கிறது ஒண்ணுதான் தோணுச்சு.”

12.20க்கு நாவலப்பிட்டி பஸ். 27 கிலோமீட்டர், ஆளுக்கு 130 ரூபாய், ஒரு மணி இருபது நிமிடம். கம்பளை வரை நின்றே போனோம். பிறகு இருக்கை கிடைத்ததும் அவர் விரல் மடித்து வாய்க்குள் ஏதோ எண்ணிக்கொண்டே வந்தார். நாலு விரலோடு நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தோம். மூன்று மணிக்கு ஆரம்பம். ஐயாவை மேடையில் உட்கார வைத்து மாலை போட்டார்கள். யாரும் விடாமல் படம் எடுத்தார்கள். நடந்ததை நான்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். இந்தச் சந்தோசத்தை எப்படிக் கெடுப்பது என்று வாயைப் பொத்திக்கொண்டு இருந்துவிட்டேன். கோழை வேலை.

கடைசிப் பாட்டு. மூன்று பன்னிரண்டு. எல்லாக் கைகளும் மேலே போயின. என் கை மட்டும் எழும்பவில்லை. பரமசிவம் ஐயா ஒரு கையால் கதிரையைப் பிடித்து எழுந்து, மறுகை விரல்களை மடித்தபடி, அந்த மெல்லிய உடம்புக்குள் இருந்து கங்காணிக் குரலில் கத்தினார்.

“அஞ்சலே! மூக்காயீ! ராக்கூ! சின்னப்பொண்ணூ!”

அதோடு நின்றார். வாய் திறந்தே இருந்தது. ஐந்தாவது விரல் மடியவில்லை. மிச்ச வினாடிகள் போய்க்கொண்டிருந்தன, அவர் எங்களைத்தான் பார்த்தார், எங்களில் யாருக்காவது தெரியும் என்பது போல. டிரம்ஸ் வந்து விழுந்தது.

பாட்டு முடிந்ததும் ஒழுங்கமைப்பாளர் நிசாந்தன், நல்ல மனிதர், கண்டியில் கணக்காளர், மரியாதையாகத்தான் சொன்னார்: “ஐயா, அந்த எடத்துல பேசக் கூடாது. அது எங்க வழக்கம்.”

“தெரியும் தம்பி. அந்த வழக்கத்த உண்டாக்குனவன் நாந்தான்.”

பிறகுதான் நான் ஒலிவாங்கியை வாங்கி எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பேர் டீ-சேர்ட்டுக்கு மேல் ஜாக்கெட்டை இழுத்துப் பூட்டிக்கொண்டார்கள். இன்னொரு முறை பாட்டைப் போடலாமா என்று யாரும் கேட்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது, “சன்னாசி அம்மா பேராவது ஞாபகம் வரேல்லையா ஐயா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“அந்தம்மா கையால எத்தன நாள் சோறு தின்னிருக்கேன். நான் ‘அம்மா’ன்னுதானே கூப்புடுவேன். பேரு அந்த டேப்புல மட்டுந்தான் கேட்டது.” இப்போது அவர் அழுதார். கெலிஓயா வரை அழுதார். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

போக நினைப்பவர்களுக்கு: கொழும்பிலிருந்து ஒரே நாளில் போய் வரலாம், போக்குவரத்துக்கு 2,500 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். குடை கட்டாயம். மழை வலுத்தால் கம்பளைக்கு மேலே பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டே ஏறுங்கள். ஃபாயிஸ் நானாவைக் கெலிஓயாச் சந்தியில் எவரும் காட்டுவார்கள். ஐயாவைப் பார்க்கப் போனால் மாலை, பொன்னாடை வேண்டாம். அடுத்த வருடம் கூடினால், அந்த இடத்தில் கை தூக்க வேண்டாம் என்று முடிவாகியிருக்கிறது. வேறு என்ன செய்வது என்று முடிவாகவில்லை.

கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அழிப்பதற்கு முன்பே பத்துப் பன்னிரண்டு கசெட் பதிந்து தெரிந்தவர்களுக்குக் கொடுத்ததாக ஐயா சொல்கிறார். சன்னாசியும் ஒன்றை எடுத்துப் போனாராம். கண்டியிலோ தெல்தெனியவிலோ கூடலூரிலோ உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடக்கலாம். இருந்தால் பழைய பிளேயரில் போட்டு விடாதீர்கள், நாடாவைத் தின்றுவிடும். வெயிலிலும் வைக்காதீர்கள். தெரிந்தவரிடம் கொடுத்துக் கேளுங்கள். மூன்று பன்னிரண்டில் மௌனம் இல்லையென்றால், ஒன்பதாவதாக வரும் பெயரை மட்டும் முதலில் கீழே எழுதுங்கள். மற்றதெல்லாம் பிறகு. ஐயாவுக்கு எழுபத்தாறு வயது.